எட்டு டாலர் கணக்கு

பி.காம் படிக்கிறவனுக்கு சாஃப்ட்வேர் பற்றி என்ன தெரியும் என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் அடிக்க வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: இது அக்கவுண்ட்ஸ் பதிவு.

மேட்டர் இதுதான். ஒரு புரோகிராமில் பிழை. மனிதன் யோசித்துத் திருத்துவதற்குப் பதில், கம்ப்யூட்டரே ஒரு வரியை நீக்கும், வேறொரு வரியை நுழைக்கும், டெஸ்ட் வைத்துப் பார்க்கும். நல்ல மார்க் வாங்கிய வடிவங்களைக் கலந்து அடுத்த தலைமுறையை உண்டாக்கும். டார்வின் பாணி! சாஃப்ட்வேர் வேலைகளுக்கு இப்படித் தேடல் அல்காரிதம்களைப் பயன்படுத்தும் துறைக்கு 2001-ல் மார்க் ஹார்மனும் பிரையன் ஜோன்ஸும் பெயர் சூட்டினார்கள். இதில் பெயர் பெற்ற கருவி ஜென்ப்ராக். 105 பிழைகளில் 55-ஐ, தலா 8 டாலரில் திருத்தினோம் என்று 2012-ல் அதன் ஆய்வாளர்கள் கட்டுரைத் தலைப்பிலேயே போட்டார்கள்.

கைதட்டியாச்சா? இப்போது இதைக் கேளுங்கள். 2015-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நான்கு பேர் அந்தத் திருத்தங்களைப் பிரித்து மேய்ந்தார்கள். சரியாகத் திருத்தப்பட்ட பிழைகள் வெறும் 2! டெஸ்ட் தாண்டிய திருத்தங்களில் பெரும்பாலானவை, தகராறு செய்த வசதியையே வெட்டிப் போட்டதற்குச் சமம். தலைவலிக்குத் தலையை எடுக்கிற வைத்தியம்.

ஒருமுறை ஜென்ப்ராக், சரியான விடை இருந்த ஃபைலையே அழித்துவிட்டு, தானும் எதையும் எழுதாமல் பாஸ் ஆனதாம். இதுவும் காலி, அதுவும் காலி, ஆகவே பொருந்துகிறது!

இது எங்களுக்கு முதல் வருடப் பாடம் சார். ஒரு பில்லைப் பதியவே இல்லையென்றால் டெபிட்டும் இருக்காது, கிரெடிட்டும் இருக்காது. டிரையல் பேலன்ஸ் அழகாக டாலி ஆகும். டாலி ஆனதாலேயே கணக்கு சரி என்று எழுதினால் முட்டைதான்.

அடுத்து அந்த 8 டாலர். தேறாத சரக்கின் செலவும் தேறிய சரக்கின் தலையில்தான் விழும். 55 × 8 = 440. தேறியது 2. ஆக ஒன்று 220 டாலர். அந்த இரண்டைப் பொறுக்கி எடுக்க மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கூலி தனி.

"டெஸ்ட் சரியாக எழுதாதது அல்காரிதத்தின் குற்றமா?" என்பீர்கள். இல்லவே இல்லை. அது கேட்டதைத்தான் கொடுத்தது. என் சண்டை, பாஸ் ஆனதையெல்லாம் 'திருத்தியது' என்று கணக்கெழுதியவர்களோடு. அளப்பதும் வேண்டியதும் ஒன்றாக இருக்கும் இடத்தில் இந்த முறைக்கு நானே சல்யூட் அடிப்பேன். பேஸ்புக் 2018-ல் சேபியன்ஸ் என்ற கருவியால் ஆப் எங்கே கிராஷ் ஆகிறது என்று தேடியது. கிராஷ் என்றால் கிராஷ்தான். அதில் ஏமாற்ற வழியில்லை.

இன்று ஏஐ எழுதித் தரும் கோடுக்கும் 'எல்லா டெஸ்ட்டும் பாஸ்' என்ற அதே சான்றிதழைத்தான் நீட்டுகிறார்கள். நாளை உங்கள் வங்கிக் கணக்கு அந்தக் கோடில் ஓடலாம். டாலி ஆகிவிட்டதா என்று கேட்காதீர்கள். எதைப் பதியாமல் விட்டாய் என்று கேளுங்கள்.

திட்டுவதற்குப் பின்னூட்டப் பெட்டி கீழே திறந்திருக்கிறது :-)