ஒரு கடிதத்தை மட்டும் வைத்து லிங்கனை அளக்கலாமா?

“லிங்கனுக்கு ஒன்றியம்தான் பெரிது, அடிமைகளின் விடுதலை பொருட்டே அல்ல” என்போர் தவறாமல் காட்டும் சான்று, பத்திரிகையாசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு, அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, 1862 ஆகஸ்ட் 22 அன்று அதிபர் லிங்கன் எழுதிய கடிதம். ஒரு அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காக்க முடியுமானால் அப்படியே செய்வேன் என்று அதில் எழுதியது உண்மைதான்.

தேதியைக் கவனிக்க வேண்டாமா?

அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலை 22 அன்று, விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சரவையில் வாசித்துவிட்டார். களத்தில் ஒரு வெற்றி வரும்வரை பொறுக்கலாம் என்றார் வெளியுறவு அமைச்சர் சீவர்ட். செப்டம்பர் 17இல் ஆன்டீட்டம் போர் அந்த வெற்றியைத் தந்தது; ஐந்தே நாளில் பிரகடனத்தின் முன்னறிவிப்பு வெளிவந்தது. 1863 புத்தாண்டு நாளில், விருந்தினர்களுக்கு மணிக்கணக்கில் கைகொடுத்து மரத்த கை நடுங்கியது. எழுத்து கோணினால் தயங்கினான் என்பார்களே என்று, பேனாவைக் கீழே வைத்து, நிதானித்துப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்.

பிரகடனம் எல்லோரையும் விடுவிக்கவில்லை என்பதும் உண்மை. கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் ஆகியவை அடிமை முறை இருந்தும் ஒன்றியத்திலிருந்து பிரியாத மாநிலங்கள். மேரிலாந்து போனால் தலைநகரே எதிரிகளின் நடுவே சிக்கும். அந்த அச்சமும் ஒரு காரணமாக, பிரகடனம் அவற்றைத் தொடவில்லை. அதற்கு விலை கொடுத்தவர்கள் அங்கிருந்த அடிமைகள்; அதை மறைக்கக் கூடாது.

ஆனால் 1864 ஆகஸ்டில், தேர்தலில் தோற்போம் என்று அவரே நம்பிய வேளையில், அடிமைகளின் விடுதலை என்ற நிபந்தனையை விட்டுவிட்டுப் பிரிந்த மாநிலங்களோடு சமாதானம் பேசுமாறு சொந்தக் கட்சியினரே நெருக்கினார்கள். லிங்கன் இணங்கவில்லை.