மொட்டைமாடியில் இரண்டு போர்ஷன்

ஒன்றாம் தேதி வாடகை கொடுக்கிற ஒவ்வொரு ஆபீஸ் ஆசாமிக்கும் உள்ளுக்குள் ஒரு ரகசியக் கனவு உண்டு. என்றைக்காவது ஒருநாள் வாங்குகிற பக்கத்துக்குப் போய்விட வேண்டும்! நாலு போர்ஷன் வீடு. ஒன்றில் நாம். மற்ற மூன்றில் வாடகைக்காரர்கள். ஐந்தாம் தேதிக்குள் ஃபோனில் மூன்று 'டிங்'. அப்புறம் மேனேஜர் முறைத்தால் நாமும் திருப்பி முறைக்கலாம்.

அமெரிக்காவில் இந்தக் கனவைப் புத்தகம் புத்தகமாகப் போட்டு விற்கிறார்கள். அங்கே அரசாங்கமும் கொஞ்சம் கை கொடுக்கிறது. நாலு குடித்தனம் வரை உள்ள கட்டடத்தை வாங்கி, ஒன்றில் நீங்களே குடியிருப்பதானால், எஃப்.ஹெச்.ஏ. என்கிற அரசு அமைப்பு கடனுக்குக் காப்பீடு தருகிறது. கடன் கட்டும் பழக்கம் ஒழுங்காக இருந்தால் விலையில் மூன்றரை சதவிகிதம் கையிலிருந்து போட்டால் போதும்.

இதை மட்டும் படித்துவிட்டு நம் ஆட்கள் உற்சாகமாகிவிடுகிறார்கள். அடுத்த பக்கத்தைப் படிப்பதில்லை. மூன்று அல்லது நாலு குடித்தனம் என்றால் அங்கே ஒரு பரீட்சை வைக்கிறார்கள். எல்லாக் குடித்தனத்தின் வாடகையையும் கூட்டு. (உன் போர்ஷனுக்கும் வாடகை போட்டுக்கொள்.) காலி கிடக்கிறது, ரிப்பேர் என்று குறைந்தது கால் பங்கைக் கழி. மிச்சம் இருப்பது கடன் தவணை, வரி, இன்ஷ்யூரன்ஸ் எல்லாவற்றையும் தாங்குகிறதா? தாங்கினால் கடன். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ, அதாவது உன் வாடகை வீட்டுக்கு.

இந்தப் பரீட்சையை நம் ஊரில் எழுதிப் பார்ப்போமா?

புறநகரில் நாலு போர்ஷன் வீடு. ஆவடியோ தாம்பரமோ, உங்கள் இஷ்டம். விலை ஒரு கோடியே இருபது லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கடன் 75 லட்சத்துக்கு மேல் போனால், ரிசர்வ் பாங்க் விதிப்படி மதிப்பில் 75 சதவிகிதம்தான் தரலாம். ஆக, 90 லட்சம். மிச்சம் 30 லட்சம் நம் தலையில். பத்திரப்பதிவுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக மொத்தம் 9 சதவிகிதம். கிட்டத்தட்ட 11 லட்சம். இதையும் நாம்தான் புரட்ட வேண்டும். 41 லட்சம் கையில் வைத்திருக்கிறவர் இந்தப் பக்கத்தை ஏன் படித்துக்கொண்டிருக்கிறார் என்பது வேறு விஷயம்.

90 லட்சத்துக்கு எட்டரை சதவிகித வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 78,000. போர்ஷனுக்கு 9,000 வாடகை, நாலு போர்ஷனுக்கு 36,000. கால் பங்கு கழித்தால் 27,000.

இருபத்தேழு எங்கே, எழுபத்தெட்டு எங்கே! மாதம் 51,000 துண்டு விழுகிறது. இருபது வருஷத்தில் வட்டி மட்டும் 97 லட்சத்துக்கு மேல்.

"நிலம் விலை ஏறுமே ஸார்?"

ஏறட்டும். வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஆனால் ஏறின விலையைக் காட்டி இந்த மாதத் தவணையைக் கட்ட முடியாது. வீட்டை விற்றால்தான் அது காசு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு கோடியே இருபது லட்சத்தில் பெரும்பங்கு மண்ணுக்கு. வாடகைக்காரர் மண்ணுக்கா வாடகை தருகிறார்? இரண்டு ரூம், சமையலறை, பாத்ரூம், தண்ணீர், இதற்குத் தருகிறார். நிலம் கிரவுண்டு எந்த விலைக்குப் போனாலும் அவர் சம்பளம் அவர் சம்பளம்தான். ஆகவே, ஆரம்பிக்கிறவர் மண்ணுக்குக் காசு கொடுக்காத இடத்தில் ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

அப்படி ஒரு இடம் எங்கே இருக்கிறது? பலருக்குத் தலைக்கு மேலேயே இருக்கிறது. அப்பா கட்டின வீட்டின் மொட்டைமாடி! வடாம் காய்கிறது, உடைந்த பிரம்பு நாற்காலி ஒன்று தவம் செய்கிறது. அங்கே 800 சதுர அடியில் இரண்டு போர்ஷன். சதுர அடிக்கு 2,400 என்று போட்டால் 19 லட்சத்துச் சொச்சம். வெளிப்பக்கம் மாடிப்படி, மீட்டர், தொட்டி எல்லாம் சேர்த்து 22 லட்சம். பத்து லட்சம் கையிலிருந்து, 12 லட்சம் கடன், 15 வருஷம். அதே எட்டரை சதவிகிதத்தில் தவணை 11,800-க்குப் பக்கம். வாடகை தலா 8,000, இரண்டுக்கும் 16,000. கால் பங்கு போனால் 12,000. அமெரிக்கப் பரீட்சையில் ஒட்டி உரசி பாஸ்!

உடனே கொத்தனாரைத் தேடிக்கொண்டு ஓடாதீர்கள். அஸ்திவாரம் இன்னொரு மாடியைத் தாங்குமா என்று ஒரு இன்ஜினீயர் பார்த்துச் சொல்ல வேண்டும். மேஸ்திரி "தாராளமா தாங்கும் ஸார்" என்றால் அது இன்ஜினீயரிங் இல்லை, நல்லெண்ணம். மாடிக்குத் தனியாகப் பிளான் அனுமதி வாங்க வேண்டும். அது இல்லாமல் பாங்க்காரர் நாற்காலிகூடப் போட மாட்டார்.

இதெல்லாம் சுலபம். கஷ்டமான கேள்வி இனிமேல்தான். இடம் அப்பா பேரில். பணம் உங்களுடையது. அப்பாவுக்குப் பின்னால் மாடி யாருடையது?

"எங்க வீட்ல அந்தப் பேச்சே கிடையாது ஸார். தங்கச்சி தங்கமான பொண்ணு." இருக்கட்டும். தங்கச்சிக்குக் கணவர் இருக்கிறார், நாளைக்குப் பிள்ளைகள் வருவார்கள். அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, உயில் இல்லை என்றால், இந்து வாரிசுச் சட்டப்படி அம்மா, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்திலும் 2005-லிருந்து நாடு முழுக்க மகளுக்குச் சம உரிமை. தமிழ்நாட்டில் அன்றைக்குக் கல்யாணமாகாத பெண்களுக்கு 1989-லேயே கொடுத்துவிட்டார்கள். அதனால் செங்கல் இறங்குவதற்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடுவது உத்தமம். மாடி உங்களுக்கு, தரைத்தளம் தங்கைக்கு என்றால் அதை அப்பா கையாலேயே பத்திரமாக எழுதிப் பதிவு செய்துவிட வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்குச் செலவு, வெளியாருக்கு விற்பதைவிட மிகக் குறைவு. தங்கை மனசில் குறை இருந்தால் கட்டாதீர்கள். மாசம் எட்டாயிரத்துக்காகத் தீபாவளிக்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் போன வீடுகள் நிறைய.

சரி, கட்டியாயிற்று. போர்ஷனுக்குப் போர்ஷன் தனி மின் மீட்டர் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பது 2016-லிருந்து இருக்கிறது. மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் தொங்கினால் யூனிட் ஏற ஏறக் கட்டணமும் ஏறி, கடைசியில் "உங்க ஃபிரிட்ஜா, எங்க ஃபிரிட்ஜா" என்று பட்டிமன்றம். பாத்ரூமும் தனித்தனி. திருவல்லிக்கேணி ஸ்டோர் வீடுகளில் பத்துக் குடித்தனத்துக்கு ஒரு குழாய் என்று ஒரு தலைமுறை வரிசையில் நின்றே வாழ்ந்துவிட்டது. இன்றைக்கு யாரும் நிற்க மாட்டார்கள்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வருமான வரியில் ஒரு சின்ன ஆறுதல்: வாடகையில் சொத்து வரி போக 30 சதவிகிதத்தை ரசீது கேட்காமல் கழித்துக்கொள்ளலாம், கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆனால் புதிய வரித் திட்டத்தில் இருப்பவர்கள், வாடகையில் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. "லோன் வாங்கினா டாக்ஸ் மிச்சம்" என்று கேன்டீனில் சொல்கிற நண்பரிடம், அவர் எந்தத் திட்டம் என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாக அட்வான்ஸ். அந்தச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால்தான் அதற்கு மேல். சென்னையில் பத்து மாதம் கேட்டே பழகிவிட்டோம். எத்தனை மாதமானாலும் அது வருமானம் இல்லை, கடன். வட்டி இல்லாததால் கடன் மாதிரி தெரிவதில்லை, அவ்வளவுதான். அதை எடுத்துக் கிரில் கேட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, அவர் காலி பண்ணும்போது, "அடுத்த ஆள் வரட்டும், அவர் அட்வான்ஸ் வந்ததும் தர்றேன்" என்று இழுக்கிற வீட்டுக்காரர்களிடம் நீங்களே மாட்டியிருப்பீர்கள். வாங்கின அன்றைக்கே அதைப் போஸ்ட் ஆபீஸிலோ பாங்க்கிலோ தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். சாவியை அவர் திருப்பித் தரும் நாளில், சுவரில் ஆணி எத்தனை என்று எண்ணுவதற்கு முன்னால், அந்தப் பணம் எடுத்துத் தயாராக இருக்கட்டும்.