“இவருக்கு நான் பொறுப்பு”

சிறையிலிருந்து வெளியே வருகிறவருக்கு முதல் தேவை உபதேசம் அல்ல; அவருக்காகப் பொறுப்பேற்கும் ஓர் ஆள். செங்கல்பட்டில் வாடகைக்கு அறை கேட்டால், ஆதார் அட்டையைப் புரட்டிப் பார்த்தபடியே வீட்டுக்காரர் கேட்பார்: “இங்க உங்களத் தெரிஞ்சவங்க யாரு?” மாமல்லபுரம் சிற்பக்கூடத்தில் உளியைக் கையில் கொடுக்கும் முன்பும் இதே கேள்விதான். அதற்குப் பதில் சொல்லும் மதிப்பு ஊர்க் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு உண்டு. 1981-இல் கேரளத்தில் தொடங்கிய கத்தோலிக்க அமைப்பான பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா, சிறைச் சந்திப்புகளோடு நிற்காமல் மறுவாழ்வு இல்லங்களையும் நடத்துகிறது.

மத நிர்வாகங்கள் இப்படிப் பொறுப்பேற்பது மதமாற்றத்துக்கு வழி என்பார்கள். நியாயமான அச்சம்தான். அமெரிக்காவின் அயோவாவில் அரசுப் பணத்தில் நடந்த கிறிஸ்தவச் சிறைத் திட்டம் அரசமைப்புக்கு முரணானது என 2006-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெக்சஸில் நடந்த அதே திட்டத்தை ஆராய்ந்த 2003 அறிக்கை இன்னும் முக்கியமானது: திட்டத்தை முழுதாக முடித்தவர்களில் 8 சதவீதத்தினரே மீண்டும் சிறை சென்றனர், ஆனால் இடையில் நின்றவர்களையும் சேர்த்தால் அது 24. திட்டத்தில் சேராத ஒப்பீட்டுக் குழுவிலோ 20தான். அந்தத் திட்டத்தை முடிப்பதற்கு, விடுதலையான பிறகு வேலையில் நிலைத்திருப்பதும் ஒரு நிபந்தனை; எனவே அந்த 8 சதவீதத்தைப் பிரார்த்தனையின் பலன் என்று சொல்லிவிட முடியாது. அதனால் பிரார்த்தனையை நிபந்தனை ஆக்காமல், அறைக்கும் வேலைக்கும் மட்டும் நிர்வாகங்கள் பொறுப்பேற்கட்டும். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று கேட்கவே வேண்டாம்.