இரட்டைக் காளை பிரிந்த இடம்

1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டின் வேடசந்தூர் சட்டமன்ற உறுப்பினரின் வாக்குக்கு மதிப்பு 144. 1961 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் இருந்த 3.37 கோடி மக்களை 234 தொகுதிகளுக்குப் பிரித்து, ஆயிரத்தால் வகுத்தால் வருகிற எண் அது. வி.வி.கிரி நீலம் சஞ்சீவ ரெட்டியை வென்றது 14,650 மதிப்பு வித்தியாசத்தில். நம் மாநிலக் கணக்கில் சொன்னால் சுமார் 102 சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்கு. இந்தியா முழுவதும் சேர்த்து அவ்வளவுதான் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் விழுந்த காங்கிரஸ் கட்சி தமிழ்நாட்டில் இன்றுவரை தன் காலில் நிற்கவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1969 மே 3 அன்று ஜாகிர் உசேன் காலமானார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் நாடாளுமன்றக் குழு, நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கியது. பிரதமர் இந்திரா காந்தி விரும்பியது ஜகஜீவன்ராமை. தோற்ற இரண்டு வாக்கில் ஒன்று அவருடையது. தோற்ற பிறகும் ரெட்டியின் வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்திட்டார். பெங்களூர்க் கூட்டம் முடிந்த சில நாட்களில் மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித் துறையைப் பறித்தார். ஜூலை 19 அன்று 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கினார். தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்த கிரி பதவி விலகி, சுயேச்சையாகக் களத்தில் இறங்கினார். வாக்குப்பதிவு நெருங்கியபோது பிரதமர் தன் கட்சி உறுப்பினர்களிடம் மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார். அதன் பொருள் எல்லோருக்கும் புரிந்தது. தான் கையெழுத்துப் போட்ட வேட்பாளரைத் தோற்கடிக்கச் சொல்கிறார்.

நவம்பர் 12 அன்று இந்திரா கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு காங்கிரஸ், இரண்டு தலைவர்கள், இரண்டு மாநாடுகள். பின்னர் இரட்டைக் காளைச் சின்னம் முடக்கப்பட்டது. ஒரு பக்கம் பசுவும் கன்றும் வந்தது, மறுபக்கம் ராட்டை நூற்கும் பெண்.

முற்போக்குத் தலைவர் ஒருவர் சொந்தக் கட்சியின் வேட்பாளரை விட்டுப் போட்டி வேட்பாளரை ஆதரிக்கும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுகின்றன. கொள்கை பெரியது என்கிறது ஒன்று. கட்சிக் கட்டுப்பாடு பெரியது என்கிறது மற்றது. இரண்டுமே கேட்க வேண்டிய கேள்வியைத் தாண்டிப் போகின்றன. அந்த வேட்பாளரை யார், எங்கே, எத்தனை பேர் சேர்ந்து முடிவு செய்தார்கள்? பெங்களூரில் முடிவைத் தீர்மானித்தவை ஆறு வாக்குகள். அவ்வளவு சிறிய அறையில் எடுத்த முடிவுக்குக் கோடிக்கணக்கான தொண்டர்கள் கட்டுப்பட வேண்டும் என்று சிண்டிகேட் எனப்பட்ட மூத்த தலைவர்கள் எதிர்பார்த்தார்கள். அந்த அறையில் தோற்ற ஒருவர், அறைக்கு வெளியே போய் வென்று காட்டினார்.

இந்த இடத்தில் 1954ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் இதே கட்சி. அன்று இதே அளவு கசப்பும் இருந்தது.

முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், மக்கள் வாயில் குலக்கல்வித் திட்டம், மாநிலத்தையே கொதிக்க வைத்திருந்தது. பெரியாரும் தி.மு.க.வும் வெளியிலிருந்து எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு பெருகியது. ராஜாஜி விலக முடிவு செய்தபோது, தன் இடத்துக்கு சி.சுப்பிரமணியம் வரவேண்டும் என்று விரும்பினார். எதிரில் நின்றவர் காமராஜ். இருவரும் சட்டமன்றக் கட்சிக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு நின்றார்கள். காமராஜுக்கு 93, சுப்பிரமணியத்துக்கு 41. பேரம் பேசி ஒருவரை ஒதுங்க வைக்கவில்லை. டில்லியிலிருந்து உறையில் பெயர் வரவில்லை.

அடுத்து காமராஜ் செய்த காரியத்துக்காகவே அந்த ஆண்டைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றுகிறது. தன்னை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவருக்குத் துணை நின்ற பக்தவத்சலத்தையும் எட்டுப் பேர் கொண்ட தன் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். கல்வித் துறை சுப்பிரமணியத்திடமே இருந்தது. ராஜாஜியின் திட்டத்தைக் கைவிடும் அறிவிப்பு அவர் பொறுப்பிலேயே வெளிவந்தது. தோற்ற அணியின் கையாலேயே தோற்ற கொள்கையை மாற்ற முடிந்தது. அப்போது யாரும் கட்சியை விட்டுப் போகவில்லை. கொள்கையில் 1954 மாற்றம் 1969க்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. மூடிய பள்ளிகள் திறந்தன, மதிய உணவு வந்தது. அவ்வளவையும் கட்சி உடையாமல் செய்தார்கள்.

இது ஒரு நாளில் வந்த பழக்கம் அல்ல. 1946 பிப்ரவரியில் காந்தி மதுரைக்கும் பழனிக்கும் வந்து போன பிறகு, ராஜாஜியை எதிர்ப்பவர்களைச் சிறு கும்பல் என்ற பொருள்பட ஹரிஜன் இதழில் எழுதினார். தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்ட காமராஜ், நாடாளுமன்றக் குழுவிலிருந்து விலகினார். காந்தியே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார், இனி என்ன பேச்சு என்று யாரும் அடங்கிப் போகவில்லை. அந்த ஆண்டு மாகாணத்தின் பிரதமர் (இன்றைய முதல்வர்) பதவிக்குக் கட்சி உறுப்பினர்கள் ராஜாஜியை ஏற்கவில்லை; பிரகாசம் வந்தார். அடுத்து ஓமந்தூரார், பிறகு குமாரசாமி ராஜா. எட்டாண்டுகளில் சென்னை மாகாணக் காங்கிரஸ் இத்தனை தலைமைப் போட்டிகளைத் தாங்கியது. கோஷ்டிச் சண்டை என்று நாம் முகம் சுளிக்கிற அதே சண்டைதான். ஆனால் அதைத் தீர்க்க ஒரு வாக்குப்பெட்டி இருந்தது.

வேடசந்தூர் அந்தக் காங்கிரசின் ஊர். காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் 1957இல் இந்தத் தொகுதியிலிருந்துதான் சட்டமன்றத்துக்குப் போனார். புகையிலையும் நிலக்கடலையும் போடுகிற, வானம் பார்த்த பூமி. குடகனாற்றில் தண்ணீர் வந்தால் வந்தது. விதைக்கும் உரத்துக்கும் கைமாற்றும் கந்துவட்டியும்தான் வழி என்று இருந்தவர்களுக்கு, 1969 ஜூலையின் வங்கி நாட்டுடைமை அறிவிப்பு வெறும் அரசியல் தந்திரம் அல்ல. அப்போது நாடு முழுவதும் இருந்த 8,262 வங்கிக் கிளைகளில் கிராமங்களில் இருந்தவை 1,833 மட்டுமே. நாட்டுடைமையான 14 வங்கிகளில் ஒன்றான கனரா வங்கி இன்று திண்டுக்கல் மாவட்டத்தின் முன்னோடி வங்கி. ஆகவே இந்திரா காந்தி பேசியதில் உள்ளீடு இருந்தது. அவர் பக்கம் நின்றவர்கள் எல்லோரும் பதவிக்காக நின்றவர்கள் என்று எழுதினால் அது பொய்.

ஆனால் மறுபக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் பிற்போக்காளர்கள் என்று அன்று சொல்லப்பட்டதும் பொய்தான். அதுவும் கொடிய பொய். 1964 ஜனவரியில் புவனேஸ்வரில் ஜனநாயக சோஷலிசம் கட்சியின் இலக்கு என்று தீர்மானம் போட்ட மாநாட்டின் தலைவர் காமராஜ். 1966இல் மொரார்ஜிக்கு எதிராக இந்திராவை முன்னிறுத்தி, நாடாளுமன்றக் கட்சியின் ரகசிய வாக்கெடுப்பில் 355க்கு 169 என்று வெல்ல வைத்தவரும் அவர்தான். அந்தப் போட்டிக்குப் பிறகும் கட்சி ஒன்றாகவே இருந்தது. தோற்ற மொரார்ஜி அடுத்த ஆண்டு துணைப் பிரதமரானார். அப்படிப்பட்ட காமராஜை மூன்றே ஆண்டில் பணக்காரர்களின் ஆள் என்று ஒரு சொல்லில் அடைத்துவிட்டார்கள். கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா இரண்டாம் விருப்ப வாக்குக்காகச் சுதந்திரா, ஜனசங்கத் தலைவர்களிடம் போனது அந்தச் சொல்லுக்கு ஆதாரமாகக் கிடைத்தது. போட்டி வேட்பாளரை ஆதரிப்பவர், எதிரில் நிற்கும் சொந்தக் கட்சிக்காரரின் பெயரையும் கெடுத்தால்தான் தன் செயலுக்கு நியாயம் கிடைக்கும் என்று நினைக்கிறார். இந்த விவகாரத்தில் என்னை இன்றும் உறுத்துவது அதுதான்.

அமெரிக்காவில் இதே காட்சி வேறு மாதிரி முடிந்தது. அங்கே பிரைமரி என்ற முன்தேர்தலில் கட்சியின் வேட்பாளரைக் கட்சியைச் சார்ந்த வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 1938இல் அதிபர் ரூஸ்வெல்ட், தன் சீர்திருத்தங்களுக்குத் தடையாக இருந்த சொந்தக் கட்சி செனட்டர்களை முன்தேர்தலிலேயே வீழ்த்தக் கிளம்பினார். ஜார்ஜியா மாநிலத்தில் பார்ன்ஸ்வில் என்ற ஊரில், செனட்டர் வால்டர் ஜார்ஜ் அதே மேடையில் உட்கார்ந்திருக்க, அவருக்கு எதிராக நிற்கும் லாரன்ஸ் கேம்பை ஆதரித்துப் பேசினார். மக்கள் ஜார்ஜைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மேரிலாந்திலும் தெற்கு கரோலினாவிலும் ரூஸ்வெல்ட்டுக்கு அதே கதிதான். இருந்தும் கட்சி இரண்டாகவில்லை. 1941இல் நாஜிகளை எதிர்த்துப் போரிட்ட நாடுகளுக்குத் தளவாடம் தரும் சட்டம் வந்தபோது, செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவராக இருந்து அதை நிறைவேற்ற உதவியவர் அதே ஜார்ஜ். எண்பது ஆண்டு கழித்து, 2018இல், நியூயார்க்கில் ஒகாசியோ-கோர்டெஸ் என்ற இளம்பெண் கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவரான ஜோ கிரவுலியை முன்தேர்தலில் தோற்கடித்தபோதும் வருத்தம் இருந்தது, வசை இருந்தது, புதுக்கட்சி பிறக்கவில்லை. அமெரிக்கர்கள் நம்மைவிடப் பெருந்தன்மையானவர்கள் என்பதால் அல்ல. சண்டை போட அவர்களுக்குக் கட்சிக்குள்ளேயே ஓர் இடமும் ஒரு தேதியும் இருந்தன.

நமக்கு அந்த இடம் இல்லாமல் போனதன் பலனைத் திண்டுக்கல் மாவட்டத்து அரசியல் அரை நூற்றாண்டு சுமந்தது. 1969 நவம்பரில் இந்திரா அணியின் காங்கிரசுக்கு இடைக்காலத் தலைவரானவர் சி.சுப்பிரமணியம். 1954இல் காமராஜ் தோற்கடித்து, பின்னர் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்ட அதே சுப்பிரமணியம். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் தொண்டர்களில் பெரும்பாலோர் காமராஜுடன் மறு அணியான ஸ்தாபன காங்கிரசில் நின்றார்கள். 1971 தேர்தலில் இந்திரா காங்கிரஸ் தி.மு.க.வுடன் சேர்ந்து, சட்டமன்றத்துக்கு ஒரு தொகுதியில்கூட நிற்காமல் ஒதுங்கிக்கொண்டது. காமராஜ் தன் வாழ்நாள் எதிரணியான ராஜாஜியின் சுதந்திரா கட்சியுடன் கைகோத்தார். தி.மு.க.வுக்கு 184 இடம். கொள்கைக்காகப் பிரிந்தோம் என்று சொன்ன இரண்டு பக்கமும், பிரிந்த 2 ஆண்டுக்குள் யாரோடு போய் நின்றன என்று பாருங்கள்.

1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். 1972 அக்டோபரில் கட்சிக் கணக்கைக் கேட்டு தி.மு.க.வை விட்டு நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர். ஆரம்பித்த கட்சிக்கு அதுதான் முதல் சோதனை. அங்கேயும் நடந்தது இதேதான்: உள்ளே கேள்வி கேட்க இடம் இல்லை, வெளியே புதுக்கட்சி. மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று வென்றார். இரண்டாவதாக வந்தவர் ஸ்தாபன காங்கிரசின் என்.எஸ்.வி.சித்தன். ஆளும் தி.மு.க. மூன்றாவது. நாட்டை ஆண்டுகொண்டிருந்த இந்திராவின் காங்கிரஸ் அதற்கும் கீழே.

அதற்குப் பிறகான வரிசையைப் படித்தால் தலை சுற்றும். 1975 அக்டோபர் 2 அன்று காமராஜ் மறைந்தார். அடுத்த ஆண்டு மூப்பனார் தலைமையில் ஸ்தாபன காங்கிரசில் பெரும்பகுதி தாய்க்கட்சியில் இணைந்தது. 1980இல் அதே மாயத்தேவர் திண்டுக்கல்லில் உதயசூரியனில் நின்று வென்றார், இந்திரா காங்கிரசின் கூட்டணி ஆதரவோடு. 1996இல் மூப்பனார் மறுபடி பிரிந்து தமிழ் மாநில காங்கிரஸ் கண்டபோது, திண்டுக்கல்லில் அந்தக் கட்சியில் வென்றவர் அதே சித்தன். 2004இலும் 2009இலும் காங்கிரசில் அவரே. அவரைக் குறை சொல்லவில்லை. தலைவர்கள் பிரிவதும் சேர்வதுமாக இருக்க, ஊரில் கொடி பிடித்தவன் ஒவ்வொரு முறையும் எந்தக் கொடியை இறக்கி எதை ஏற்றுவது என்று நின்றான். வேடசந்தூர் ஆத்துமேட்டில் ஒரே டீக்கடையில் உட்கார்ந்த பங்காளிகள் பேச்சை நிறுத்திக்கொண்டதற்கு எந்தத் தலைவர் பதில் சொல்வார்?

1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் நோய்க்கு மருந்து என்று வரவேற்கப்பட்டது. அது சட்டமன்றத்தில் கட்சியின் கட்டளையை மீறுபவரின் பதவியைப் பறிக்கிறது. கட்டளை எப்படிப் பிறந்தது என்று கேட்பதில்லை. வேட்பாளர் யார் என்பதைத் தொகுதிக்காரர்கள் இன்றும் சென்னையிலிருந்தோ டில்லியிலிருந்தோ வரும் பட்டியலில்தான் தெரிந்துகொள்கிறார்கள். விருப்ப மனு கட்டுகிறார்கள், நேர்காணலுக்குப் போகிறார்கள், காத்திருக்கிறார்கள். பிடிக்காத பெயர் வந்தால் வாய் திறப்பதில்லை. உள்ளடி வேலை பார்க்கிறார்கள், அல்லது வாக்குப்பதிவு நாள் வரை படுத்துவிடுகிறார்கள். வெளிப்படையாகப் போட்டி வேட்பாளரை ஆதரிப்பதைவிட இது ஒழுக்கமானது என்று நான் ஏற்கமாட்டேன். இந்திரா காந்தி செய்ததில் மன்னிக்க முடியாதது கையெழுத்துப் போட்டுவிட்டு மாறியது. ரெட்டியை ஏற்கமாட்டேன் என்று பெங்களூரிலேயே எழுந்து நின்று சொல்லியிருந்தால், இந்திய ஜனநாயகத்துக்கு அது வேறு பாடமாக இருந்திருக்கும்.

முயற்சி நடக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2014 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் ராகுல் காந்தியின் யோசனைப்படி காங்கிரஸ் சுமார் 15 தொகுதிகளில் உள்தேர்தல் நடத்தி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முனைந்தது. தமிழ்நாட்டில் ஒரு தொகுதியும் அதில் இல்லை. வடோதராவில் உள்தேர்தலில் ஒருவர் வென்றார். அங்கே நரேந்திர மோடி நிற்கிறார் என்றதும் அவர் ஒதுங்க, மதுசூதன் மிஸ்திரி வேட்பாளரானார். கட்சிக்காரர்கள் போட்ட வாக்குக்கு மரியாதை அவ்வளவுதான் என்பது நாடு முழுவதும் தெரிந்துபோயிற்று. கட்சி படுதோல்வி அடைந்தது. சோதனையும் அத்தோடு கைவிடப்பட்டது.

இன்று வேடசந்தூர், கரூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருக்கிறது. 2019இலும் 2024இலும் அங்கே காங்கிரசின் ஜோதிமணி வென்றார், தி.மு.க. கூட்டணியில். வேடசந்தூரின் சட்டமன்ற உறுப்பினராக 2021இல் உதயசூரியனில் வென்ற காந்திராஜன், 1991இல் இதே தொகுதியில் இரட்டை இலையில் வென்று பேரவைத் துணைத்தலைவராக இருந்தவர். தொகுதியில் உள்ள எந்தக் கட்சியின் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவரையும் கேட்டுப் பாருங்கள்: உங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க எப்போதாவது ஒரு சீட்டில் பெயர் எழுதிப் பெட்டியில் போட்டீர்களா? வடமதுரையிலும் எரியோட்டிலும் குஜிலியம்பாறையிலும் கட்சிக் கிளைகள் இருக்கின்றன, உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, ஒன்றியச் செயலாளர்கள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பெட்டியும்தான் இன்னும் தேவை. அதை முதலில் வைக்கிற கட்சி எதுவானாலும், அதன் தோற்ற வேட்பாளரை வென்றவரின் மேடையில் 1954 போல ஏற்றி உட்கார வைக்கிற பொறுப்பும் அதற்குண்டு.