வியூவுக்காக மலையை வெட்டாதீர்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் மனை வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது பொக்லைன்காரரை. "மலை நல்லாத் தெரியணும்னா முன்னாடி இருக்கற மரத்தை எடுத்துட்டு, சரிவை லெவல் பண்ணி, லான் போட்டுடணும் சார்" என்பது அங்கே எழுதாத விதி. பொக்லைன் ஓட்ட முன்அனுமதி வேண்டும் என்றிருந்தும் இரவோடு இரவாக வேலையை முடிக்கிறார்கள். மரத்தை எடுத்துச் சரிவைச் சமப்படுத்தினால்தான் மலை தெரியும் என்ற நம்பிக்கை தவறு. சரிவில் குடியிருப்பவர்களின் உயிரோடு விளையாடும் தவறு.

வெட்டிய மண்ணைக் கீழ்விளிம்பில் கொட்டி, அதன்மேல் புல்லைப் பரப்புகிறார்கள். கொட்டிய மண் அடிமண்ணோடு ஒட்டாது. மழையில் ஊறிக் கனத்தால் அது இறங்குவது கீழே இருக்கும் வீட்டின் மீதுதான். தடுப்புச் சுவர் இருக்கிறதே என்பார்கள். பல சுவர்களில் நீர் வடியத் துளையே கிடையாது. பின்னால் தேங்கும் நீர் தள்ளத் தள்ள, முதலில் சுவரின் நடுப்பகுதி வயிறு தள்ளும். பிறகு குறுக்கே விரிசல் ஓடும். அந்த விரிசலைச் சிமெண்ட் பூசி மறைத்து, மேலே வெள்ளையும் அடித்துவிடுகிறார்கள்! 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர் அந்த மழையிலும் மண்சரிவிலும் மாண்டார்கள். அதற்குப் பிறகும் சரிவைச் சீவுகிறோம்.

சரி, வியூவாவது கிடைக்கிறதா? முன்னால் ஒரு மரம் நின்றால்தான் எதிர்மலையின் தொலைவும் உயரமும் கண்ணுக்குப் பிடிபடும். மொட்டைத் தரைக்கு அப்பால் தெரியும் மலை தட்டையாகத்தான் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் கண் இருப்பது தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில். கீழ்க்கிளைகளை மட்டும் கழித்துவிட்டால், கிளைகளுக்கு அடியில் பள்ளத்தாக்கு விரிந்து தெரியும். அடிமரம் மறைப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்காக ஒரு நாவல் மரத்தையே சாய்ப்பது என்ன நியாயம்? மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955இலேயே சட்டம் வந்துவிட்டது.

லானில் நடும் கிகுயு புல்லோ கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. வேலி தாண்டிப் படர்ந்து, மலையின் சொந்தப் புற்களை அமுக்கிவிடும். அந்தப் பச்சையைத் தேடிக் காட்டெருமை வாசலுக்கே வருகிறது. உடனே மின்வேலி போட்டு அதன் வழியையும் அடைக்கிறார்கள்.

சரிவை விட்டுவையுங்கள். வீட்டைச் சரிவுக்கேற்பப் படிப்படியாக இறக்கிக் கட்டுங்கள். கடப்பாரை இறங்குவதற்கு முன் ஒரு மழைக்காலம் முழுதும் பொறுத்து, உங்கள் மனையில் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று பாருங்கள். அந்த வழியில் எதையும் கட்டாதீர்கள்.