பூச்சி தின்னும் செடிக்கும் இரவு வேண்டும்

பூச்சி தின்னும் செடிகளைச் சன்னலோரத் தொட்டியில் வளர்ப்பது இன்று பலருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. "ஒளிதானே செடிக்கு உணவு? இரவிலும் விளக்கெரித்தால் இன்னும் செழிக்குமே!" என்று அவர்களில் சிலர் எண்ணுகிறார்கள். இவ்வெண்ணம் தவறு என்பதே என் கருத்து.

ஒளி செடிக்கு உணவாவது உண்மை. ஆனால் இருளும் அதற்குத் தேவை. பருவத்தை அறிவது அதைக் கொண்டுதான். பகற்பொழுதின் நீளத்தைப் பொறுத்தே பல செடிகள் பூக்கின்றன என்று அமெரிக்க விஞ்ஞானிகள் கார்னரும் அல்லார்டும் 1920இல் காட்டினர். 1938இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தைச் செடியில் செய்த சோதனை இன்னும் வியப்பானது. நீண்ட இரவின் நடுவே ஒரே ஒரு நிமிடம் ஒளி பட்டதும் அச்செடி பூக்கவில்லை! அது அளந்தது பகலையன்று, இரவையே. இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமியே இந்த ஒளியை உணர்கிறது. சாமந்தி வளர்ப்போர் இரவில் விளக்கெரித்துப் பூப்பதைத் தள்ளிப்போடுவதும் இதனால்தான்.

இனி வீனஸ் ஈப்பொறியைப் பாருங்கள். அதன் தாயகம் அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களிலுள்ள ஈர நிலங்கள். அங்கே பகல் குறுகிக் குளிர் வந்ததும், அது வளர்ச்சியைச் சுருக்கிக்கொண்டு 3, 4 மாதங்கள் ஓய்வெடுக்கும். ஆண்டுதோறும் அந்த ஓய்வு கிடைக்காவிடில் நாளடைவில் நலிந்துபோகும். குளிரும் நீண்ட இரவும் சேர்ந்தே அதை ஓய்வுக்கு அழைக்கின்றன. நள்ளிரவுவரை எரியும் விளக்கு அவற்றுள் ஒன்றை அழித்துவிடுகிறது. தெருவிளக்கருகே நின்ற மரங்கள் இலையுதிர்க்கத் தாமதித்ததை மாட்ஸ்கி என்பவர் 1936இலேயே எழுதியிருக்கிறார்.

இதனால் செடிக்கு ஆதாயமாவது உண்டா? உச்சி வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அறை விளக்கோ சில நூறு லக்ஸ்தான். உணவு தயாரிக்க அது போதாது. இரவைக் கலைக்கப் போதும்.

"மேகாலயக் குன்றுகளில் வளரும் குடுவைச் செடிக்குக் குளிர்கால ஓய்வு கிடையாதே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே கோடையிலும் இரவு 10 மணி நேரத்துக்குக் குறைவதில்லை. இருளில்லாத நாள் அதற்கும் புதிது.

விளக்கே கூடாது என்பதன்று என் வாதம். வெயில் எட்டாத அறையில் பகலில் விளக்கு எரியட்டும். பொழுது சாய்ந்ததும் அணையட்டும். நீங்கள் இரவில் படிக்கும் மேசையருகே தொட்டி இருந்தால், அதை வேறு அறைக்கு மாற்றுங்கள். இதற்குக் காசு செலவில்லை; மின்சாரமும் மிச்சம்.