பாங்காக் இரவும் நம்மவர் ஒழுக்கமும்

நமது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவர், வரும் பள்ளி விடுமுறையில் நான்கு நாள் பாங்காக் நகருக்குத் தனியே சென்று வரப் போவதாகச் சொன்னார். சொன்னதுதான் தாமதம், கோயில் கமிட்டிக் கூட்டத்திலே திருவிழாக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, அம்மையாரின் பயணத்தை ஆராயத் தலைப்பட்டனர் நமது பெரியோர். "அது பாவப் பட்டணம், இராக்காலத்தில் குடும்பப் பெண் கால் வைக்கத் தகாத இடம்" என்பது அவர்கள் தீர்ப்பு. தகப்பனாரை அழைத்துப் புத்தி சொல்லவும் தீர்மானம் ஆயிற்று.

இதைக் கேட்டு நாம் வாளாவிருக்க இயலவில்லை. ஏனெனில், சென்ற ஆண்டு அதே நகருக்கு அதே நான்கு நாள் தனியே போய் வந்தவர், இத்தோட்டத்து ஆபீசிலே கணக்கெழுதும் கிராணியாகிய நாமே. அப்பொழுது எந்தக் கமிட்டியும் கூடவில்லை. திரும்பி வந்த அன்று இதே பெரியோரில் இருவர் நம் தோளைத் தட்டி, கண்ணைச் சிமிட்டி, "என்ன கிராணியாரே, எல்லாம் பார்த்தாயிற்றா?" என்று வினவினர். அவ்விருவரும் அவ்வப்போது எல்லை தாண்டி ஹாட்யாய் சென்று வருவது ஊரறிந்த செய்தி. எதற்கென்று நாம் எழுத வேண்டுவதில்லை.

ஆம், பார்த்தோம். பார்த்ததைச் சொல்லியும் விடுகிறோம்.

பாடாங் புசாரில் மாலை இரயிலேறி மறுநாள் காலை பாங்காக் சேர்ந்தோம். அன்றிரவே சீலோம் சாலைக்கும் சுரவோங் சாலைக்கும் இடையிலுள்ள பட்போங் தெருவுக்குப் போனோம். போகவேயில்லை என்று புளுகுவதற்கு நாம் பெரிய மனிதரல்லோம். அந்நிலத்தை 1946-ல் ஒரு குடும்பத்தார் விலைக்கு வாங்கினர்; முதலில் அங்கே கம்பெனி ஆபீசுகளே இருந்தன. பின்னர், 1967-ல் அமெரிக்காவுடன் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி, வியட்நாம் போர்ச் சிப்பாய்கள் ஓய்வுக்கென்று பாங்காக்கில் வந்து குவியவே, மதுக்கடைகளும் ஆட்டக் கூடங்களும் பெருகின. சிப்பாய்கள் போயினர், உல்லாசப் பயணிகள் வந்தனர். விபசாரத் தடுப்புச் சட்டம் 1996-ல் பிறந்தது, கடைகள் மூடப்படவில்லை. உள்ளூராரும் இதற்கு உடந்தை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், வெளியூரிலிருந்து பணத்தோடு போய் அந்தக் கடைகளை வாழவைத்தவர்கள் வீடு திரும்பியதும் அதைப் பாவப் பட்டணம் என்று ஏசுவது எவ்வகை யோக்கியதை?

அத்தெருவில் ஒருவன் கையில் அட்டையொன்றை நீட்டி, "அபாங், அபாங்" என்று மலாயிலே நம்மை அழைத்தான். நமக்கு முன் எத்தனை அபாங்மார் அவ்வழி போயிருந்தால் அச்சொல் அவன் நாவில் அவ்வளவு சரளமாக வரும்! அவன் பின்னே ஒரு மாடிக் கடைக்கு ஏறினோம். இரண்டு புட்டி சோடாவுக்கு வந்த பில்லைச் சொன்னால் வெட்கம். வாசலில் தடியர் இருவர் நின்றனர். பையிலிருந்ததைக் கொட்டிக் கொடுத்துவிட்டு இறங்கினோம். ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது பெரியோர் வயிறு குலுங்கச் சிரித்தனர். இதே மோசம் ஆசிரியைக்கு நேர்ந்திருந்தால் சிரித்திருப்பார்களா? அவர் நடத்தையை அல்லவோ அலசியிருப்பார்கள்!

அதே சீலோம் சாலையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. நம்மவர் அதன் கோபுரத்தின் முன் நின்று பிடித்த படங்களைத் தோட்டமெங்கும் காட்டுவர். அங்கிருந்து பட்போங் நடை தூரம் என்பதை மட்டும் சொல்லார்.

மறுநாள் நள்ளிரவுக்குமேல், பாக் குளோங் தலாட் என்னும் பூச்சந்தைக்குச் சென்றோம். பாங்காக்கின் இரவு என்பது அங்கேதான் நமக்கு விளங்கிற்று. மல்லிகை மூட்டைகளும் செண்டுமல்லிக் குவியல்களும் தெருவை அடைத்துக் கிடக்க, பெண்கள் வரிசையாக அமர்ந்து மாலை தொடுக்கிறார்கள். வண்டி தள்ளுவோர் கூவுகின்றனர். வேலை முடிந்த இளம்பெண்கள் தனித்தனியே அமர்ந்து சுடச்சுட அரிசிக் கஞ்சி அருந்துகின்றனர். நம் பக்கத்து மேசையில் அயல்நாட்டு மாதொருவர், நம்மைப் போலவே துணையின்றி வந்தவர், நனைந்த ஊதுவத்தி போலச் சோர்ந்து உட்கார்ந்து உண்டார். அவரை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒரு வேளை நாம் மட்டுமே பார்த்தோம் போலும்! விடியும் வரை அங்கே திரிந்தோம். அந்த நகரில் நாம் பெற்ற இன்பம் இதுவே.

நிற்க. "தனியே போனால் பெண்ணுக்கு ஆபத்தன்றோ?" என்பார்கள். ஆபத்து உண்டு. எந்த நகரில் இல்லை? கட்டணத்தை முன்கூட்டிப் பேசிக்கொள்வதும், அட்டை நீட்டுபவன் பின் போகாதிருப்பதும், நிலையத்துக்கு அருகில் அறை எடுப்பதும் ஆண்மகனாகிய நமக்கும் வேண்டியவைதாம். அவற்றை அறியாமல் ஏமாந்தவர் நாமன்றோ?

இன்னொன்று கேட்கிறோம். தலைமுறை தலைமுறையாக நமது தாய்மார் விடியுமுன் எழுந்து, கும்மிருட்டில் பிரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தனித்தனி நிரையில் பால்மரம் வெட்டினார்கள். அவ்விருட்டில் பாம்பும் இருந்தது, கங்காணியும் இருந்தான். "குடும்பப் பெண் இருட்டில் போகலாகாது" என்று அன்று எந்தக் கமிட்டி தீர்மானித்தது? துரையின் இலாபத்துக்காகப் பெண் இருட்டில் போகலாம். தன் சம்பளத்தில், தன் கண்ணால் உலகைக் காணப் போகலாகாதோ?

ஆசிரியை இரயில் சீட்டு வாங்கிவிட்டார். பூச்சந்தைக்கு வழி எழுதித் தரும்படி கேட்டார், எழுதிக் கொடுத்தோம். ஏறக்கூடாத அந்த மாடிப்படி எது என்பதையும் அடியில் குறித்திருக்கிறோம். அக்குறிப்பு கமிட்டிப் பெரியோருக்கு வேண்டியிருப்பின், ஆபீசில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.